சுழித்தண்ணீரில் மணல் விழும் வேகம்

பணி நிறைவு பெறும் நிலையத் தலைவர் ஆரோக்கியமேரி அம்மையார் அவர்களுக்கு, முகத்துவார மணல் அளவை நிலையத்தார் வாசித்து அளிக்கும் மடல்

காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, கதவைத் திறந்து, சன்னல்களைத் திறந்து, முந்தின நாள் மணலை உலர் அடுப்பிலிருந்து எடுத்து, தராசைத் துடைத்து, ஆளுயரக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, அதன் அசைவு அடங்கும் வரை கைகட்டிக் காத்திருந்து, பிறகு ஒரு சிட்டிகை மணலை அதில் விட்டு, அது அடியைத் தொடும் வரை இமைக்காமல் பார்த்து, பார்த்ததைப் பலகையில் எழுதி, எழுதிய பிறகே சின்னப்பன் அண்ணன் வைத்துவிட்டுப் போன டீயை, ஆறிப்போயிருந்தாலும் குறை சொல்லாமல் குடித்து, முப்பத்தோர் ஆண்டுகள் நாள்தோறும் இதையே செய்த எங்கள் தலைவி அவர்களே! வணக்கம்.

இந்த நிலையத்தில் யார் ஓய்வு பெற்றாலும் மடல் எழுதுவது பெலிக்ஸின் பொறுப்பு. மடல் எல்லோருடையது, அதில் ‘நான்’ வரக் கூடாது என்பது வழக்கம். ஆகவே இதிலும் பெலிக்ஸ் என்றே வரும். போன ஆண்டு ஓட்டுநர் மாணிக்கம் ஓய்வு பெற்றபோது ‘சாலையின் சக்கரவர்த்தியே, சலியாத சாரதியே’ என்று எழுதினார். மாணிக்கம் மேடையிலேயே அழுதார். இந்த முறை எழுதியதைக் காவலர் சின்னப்பன் அண்ணன் வாங்கிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, ரிப்போர்ட்டு மாரி கீது? அம்மாவுக்கு ஒரு கடலரசி, அலையரசி கூட இல்லியா?”

“வரலண்ணே.”

“ஒண்ணாவது போடு சார். கண்ணாடி சட்டம் போட்டு மாட்டப் போறோம்.”

சின்னப்பன் அண்ணனுக்காக ஒன்று. மணலை மதித்த மாதரசியே!

பெலிக்ஸின் மனைவி பிரின்சி இந்த நிலையத்தில் வேலை பார்த்தவர். ஐப்பசி மழையில், முகத்துவாரத்தில், படகு கவிழ்ந்து இறந்தார். அந்தப் படகில் அவர் பக்கத்தில் இருந்தவர் நீங்கள். அதை விட்டுவிட்டு உங்கள் சேவையை மட்டும் எழுதலாம் என்று சிலர் சொன்னார்கள். பெலிக்ஸ் எழுதிப் பார்த்தார். முடியவில்லை. பிரின்சி கடைசியாக என்ன சொன்னார் என்பது உங்கள் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தூத்துக்குடிக்குப் போகிறீர்கள். அதைக் கேட்டு வாங்காமல் உங்களை வழியனுப்பிவிட்டால் இனி யாரிடமும் கேட்க முடியாது. இந்த ஆறேழு மாதமும் பெலிக்ஸுக்கு இருந்த பயம் அது ஒன்றே.

இருந்தாலும் உங்கள் சேவையைச் சொல்ல வேண்டும். சொல்கிறோம்.

நீங்கள் இங்கே வந்தபோது நிலையம் ஒரு தகரக் கொட்டகை. கடலுக்குப் போகும் படகில் பெண் ஏறக் கூடாது என்று குப்பத்தில் சொன்னார்கள். நீங்கள் சண்டை போடவில்லை. புட்டிக் கூடையோடு தினமும் துறையில் போய் உட்கார்ந்தீர்கள். படகுக்காரர் அங்கமுத்துவுக்கு ஒரு நாள் பொறுமை போய்விட்டது. “ஏறும்மா, உன்னோட பெரிய ரோதனையா பூட்ச்சு. வாந்தி எடுத்தே, அங்கியே எறக்கி வுட்ருவேன்” என்றார். முகத்துவாரம் தாண்டியதும் நீங்கள் வாந்தி எடுத்தீர்கள். காலிப் புட்டி ஒன்றில் எடுத்து, மூடி போட்டு, ‘இது சோதனைக்கு அல்ல, கொட்டிவிடவும்’ என்று சீட்டு ஒட்டி மற்றப் புட்டிகளோடு வைத்தீர்கள். அங்கமுத்து சாகும் வரை இதைச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு எந்தப் படகிலும் உங்களை யாரும் தடுக்கவில்லை.

கடைத்தெருவில் உங்களுக்கு மண்ணம்மா என்று பெயர். இறால் விற்கும் பெண்கள் உங்களைப் பார்த்தால் விடமாட்டார்கள். “மண்ணம்மா, இன்னிக்கு மண்ணு இன்னா வெல?” என்பார்கள். “உன் எறாலை விட சல்லிசுதான், வாங்கிக்கோ” என்பீர்கள். பிரின்சியின் தாய் ரோசி அம்மா அந்தக் கூட்டத்தில் ஒருவர். “எம்பொண்ணும் எந்நேரமும் ஏரில கைய வுட்டுக்கினு கீறா, உங்கூட கூட்டிக்கினு போயேன்” என்று ஒரு நாள் அவர் விளையாட்டாகச் சொன்னார். நீங்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரின்சி பொன்னேரியில் படிப்பை முடித்ததும் இங்கே வேலைக்கு வந்தார். பெலிக்ஸ் அவரைச் சந்தித்தது உங்கள் தராசுக்கு எதிரே.

இனி வேலையைப் பற்றி. ஊரார் பலர் வந்திருப்பதால் விளக்கமாகவே எழுதுகிறோம்.

ஏரித் தண்ணீரும் கடல் தண்ணீரும் முகத்துவாரத்தில் முட்டிக்கொள்கின்றன. அங்கே ஒழுங்கான ஓட்டம் கிடையாது. பெரிய சுழிக்குள் சின்னச் சுழி, அதற்குள் இன்னும் சின்னது என்று தண்ணீர் கலங்கிக்கொண்டே இருக்கிறது. தோணிரேவிலிருந்தும் மற்றக் குப்பங்களிலிருந்தும் கடலுக்குப் போகும் படகுகள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆழமான வழியைப் பார்த்து, இரு பக்கமும் கழி நட்டு, கழியில் சிவப்புத் துணி கட்டிக் காட்டுவது நம் நிலையத்தின் வேலை.

கலங்கிய தண்ணீரில் மணல் தங்காது என்பது இந்தக் கரையில் எல்லோருடைய நம்பிக்கை. “சுழி சுத்துற எடத்துல மண்ணு எப்டி நிக்கும்? தூக்கினு பூடும்” என்பார் நம் படகோட்டி நீலமேகம் அண்ணன். படித்த நாங்களும் அதையேதான் நம்பினோம், கணக்கோடு நம்பினோம். கண்ணாடிக் குழாயில், அசையாத தண்ணீரில், ஒற்றை மணல் விழும் வேகம் எங்களுக்குத் தெரியும். கலங்கிய தண்ணீரில் அது இன்னும் மெதுவாக விழும் என்று எடுத்துக்கொண்டோம். அந்தக் கணக்கின்படி வழி தூர்ந்துபோக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வாரம் ஒரு முறை கழியை மாற்றி நட்டால் போதும் என்று இருந்தோம்.

நீங்கள் மட்டும் அதை நம்பவில்லை. கூட்டத்தில் ஒரு முறை நீங்கள் சொன்னது எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. “பொன்னேரி ஸ்டேஷன் வளைவுல ஷேர் ஆட்டோ திரும்பறப்ப பாருங்க. ஆளு ஆட்டோவோட சேர்ந்து திரும்பிடுவான். மீன் கூடை திரும்பாது. வெளிப்பக்கம் போய் இடிக்கும். சேறு ஆளு மாதிரி. மணல் கூடை மாதிரி.”

லேசான சேறு சுழியோடு சேர்ந்து சுற்றுகிறது. கனமான மணலால் அப்படித் திரும்ப முடிவதில்லை. சுழி அதை வெளியே வீசுகிறது. பக்கத்துச் சுழியும் தன் மணலை வீசுகிறது. வீசப்பட்ட மணலெல்லாம் சுழிகளுக்கு நடுவிலுள்ள இடுக்கில் வந்து சேர்கிறது. அப்படிக் கூட்டமாகச் சேர்ந்த மணல் சுற்றியுள்ள தண்ணீரையும் சேர்த்துக் கீழே இழுத்துக்கொண்டு இறங்குகிறது. தனியாக விழுவதைவிட வேகமாக இறங்குகிறது. மிகப் பெரிய பருக்கை இப்படிச் சேராது. சுழியைக் கண்டுகொள்ளாமல் தன்பாட்டில் விழும். இடைப்பட்ட மணல்தான் சேரும். நம் முகத்துவாரத்தில் இருப்பது பெரும்பாலும் இடைப்பட்ட மணல்.

இதை முதலில் கண்ணால் கண்டவர் பிரின்சி. நீங்கள் சொன்னபடி, கண்ணாடித் தொட்டியில் தண்ணீரைக் கலக்கி, மணலைத் தூவி, பக்கத்திலிருந்து காகிதம் போல் மெல்லிய ஒளியைப் பாய்ச்சிப் படம் எடுத்தார். எடுத்ததும் கத்தினார்.

“பெலிக்ஸ், இங்க வாயேன்! மண்ணு வலை பின்னி வெச்சிருக்கு!”

“தொட்டிக் கண்ணாடிய தொடச்சியா? அழுக்கா இருக்கப் போவுது.”

“தொடச்சாச்சு. உன் மூஞ்சியக் காட்டு, அதையும் தொடச்சி வுடறேன்.”

நீங்களும் வந்து பார்த்தீர்கள். மணல் எங்கும் ஒரே மாதிரி பரவியிருக்கவில்லை. சுழி இருந்த இடமெல்லாம் வெறும் ஓட்டை. ஓட்டைகளைச் சுற்றி நூல் நூலாக மணல். வலைதான். நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். வெகுநேரம் பார்த்துவிட்டு, “தொட்டியில சரி. கடல்ல காட்டணும் பிரின்சி” என்றீர்கள்.

கடலில் காட்டத்தான் அன்று போனீர்கள்.

முந்தின இரவு முழுக்க மழை பெய்து காலையில் விட்டிருந்தது. பெலிக்ஸ் தராசின் முன்னால் இருந்தார். பிரின்சி புட்டிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி, “வூட்டு சாவி உன்கிட்ட கீதா?” என்றார். “கீது” என்றார் பெலிக்ஸ். தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. தராசில் மணல் இருந்தது.

கழி நட்டிருந்த வழி, முந்தின நாள் அளந்தபோது ஆள் மூழ்கும் ஆழம். நீலமேகம் அண்ணன் அதன் நடுவே, சுழி பலமாக இருந்த பக்கமாகப் படகை விட்டார். அங்கேதான் ஆழம் என்று அவர் நம்பினார். எங்கள் கணக்கும் அதைத்தான் சொன்னது. பாதி தூரத்தில் படகு தட்டியது. ஒரே இரவில் அங்கே மணல் மேடு ஏறியிருந்தது. படகின் முன்பக்கம் மேட்டில் குத்தி நின்றது. பக்கவாட்டில் வந்த முதல் அலை படகைச் சாய்த்தது. இரண்டாம் அலை கவிழ்த்தது. நீலமேகம் அண்ணன் பின்னால் தூக்கி எறியப்பட்டார். நீங்கள் மேட்டுப் பக்கம் விழுந்தீர்கள். பிரின்சி ஆழத்துப் பக்கம் விழுந்தார்.

நீங்கள் எழுந்து நின்றபோது தண்ணீர் உங்கள் முழங்கால் அளவுதான் இருந்தது.

பிரின்சி மிதவைச் சட்டை அணிந்திருந்தார். அது அவரை மேலே தூக்கியது. மேலே கவிழ்ந்த படகு இருந்தது.

இந்தப் பத்தியில் இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று பெலிக்ஸ் யோசித்தார். சேர்க்க ஒன்றும் இல்லை.

விசாரணைக்கு வந்தவர்களிடம் நீலமேகம் அண்ணன், “நாந்தான் அந்தப் பக்கம் வுட்டேன், என்னிய புடிச்சிக்கினு போங்க” என்றார். நீங்கள், “படகு யார் ஓட்டினாலும் வழி என்னுடையது” என்றீர்கள். இரண்டு பேரும் பழியைத் தங்கள் தலையில் போட்டுக்கொள்ளப் போட்டி போட்டீர்கள். பெலிக்ஸ் அந்த அறையில்தான் இருந்தார். அவருக்கு அதில் எதுவும் காதில் ஏறவில்லை. யார் பக்கம் தப்பு என்று அவர் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் நீங்கள் புட்டிக் கூடையோடு துறைக்குப் போனீர்கள். கடைத்தெரு முழுக்கப் பார்த்தது. “புள்ளய பொதச்ச ஈரம் காயல, மண்ணு அள்ளப் போவுது பாரு” என்று ஒருத்தி உங்கள் காதுபடச் சொன்னாள். மண்ணம்மா என்று யாரும் கூப்பிடவில்லை. பெலிக்ஸ் பின்னாலேயே வந்து படகில் ஏறினார். எதற்கு ஏறினார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவருக்கு அழுகை வரவில்லை.

நீலமேகம் அண்ணன் எஞ்சினைத் தொடவில்லை. “என்னால ஆவாதும்மா” என்றார். “நீ கரையில இரு நீலமேகம். நான் தள்ளிக்கிட்டுப் போறேன்” என்று நீங்கள் கழியை எடுத்தீர்கள். அறுபதை நெருங்கும் நீங்கள் கழி ஊன்றுவதைப் பார்க்கச் சகிக்காமல் அவர் ஏறி வந்தார். அந்த மேட்டில் அவர் கழியைக் குத்தினார். அது நின்றது. “எம்மா, அதுக்கு மொத நாளு வரைக்கும் இது இல்லவே இல்லியேம்மா” என்று சொல்லிக்கொண்டே இன்னொரு இடத்தில் குத்தினார். அங்கேயும் நின்றது. இரண்டுக்கும் நடுவில் கழி முழுதாக உள்ளே போனது. மேடு, பள்ளம், மேடு என்று மணல் பட்டை பட்டையாகக் கிடந்தது. நீங்கள் அள்ளினீர்கள். பெலிக்ஸ் புட்டிகளுக்கு மூடி போட்டார். நிலையத்துக்கு வந்து எடை போட்டுப் பார்த்தால் மேடு முழுக்க இடைப்பட்ட மணல். தொட்டியில் பிரின்சி கண்டது அப்படியே கடலில் இருந்தது. வாரம் ஆகும் என்று நாங்கள் சொல்லிவந்த வேலையைச் சுழித்தண்ணீர் ஓர் இரவில் முடித்திருந்தது.

நீங்கள் அந்தப் புட்டிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு குப்பமாகப் போனீர்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் நின்று பேசினீர்கள். சிலர் எழுந்து போனார்கள். நீலமேகம் அண்ணன்தான் எழுந்து, “நா சுழியை நம்புனவன்யா. நீங்க நம்பாதீங்க” என்றார். அதற்கு மேல் யாரும் எதிர்க்கவில்லை. மழை பெய்த இரவுக்கு மறுநாள் காலையில் முதல் படகு கழி குத்திப் பார்த்துத் துணி மாற்றிக் கட்டிய பிறகே மற்றவை கிளம்ப வேண்டும் என்று முடிவானது. மீதி மழைக்காலத்தில் எந்தப் படகும் தட்டவில்லை. உங்கள் முப்பத்தோர் ஆண்டுச் சேவையில் பெரியது எது என்று கேட்டால் நிலையத்தார் இதைத்தான் சொல்வோம்.

இதை மனித வாழ்க்கையோடு ஒப்பிட்டு இரண்டு வரி எழுதும்படி ஒருவர் கேட்டுக்கொண்டார். மணலைப் பற்றி நீங்கள் ஒருபோதும் அப்படிப் பேசியதில்லை. எனவே எழுதவில்லை.

பிரின்சியின் கடைசிச் சொல்லைப் பற்றி ஊரில் பலவாறு சொன்னார்கள். கடைத்தெருவில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரில், ‘என்னை விடுங்கள், மற்றவர்களைக் காப்பாற்றுங்கள் என்றவரே’ என்று அச்சடித்திருந்தார்கள். செபக் கூட்டத்தில், இயேசுவே என்று அழைத்ததாகச் சொன்னார்கள். ரோசி அம்மாவுக்கு, அம்மா என்று கூப்பிட்டதாக ஒரு செய்தி. பெலிக்ஸிடம், அவர் பெயரைச் சொன்னதாக மூன்று பேர் சொன்னார்கள். மூன்று பேரும் அன்று கரையில்கூட இல்லை. எஞ்சின் சத்தத்தில் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று நீலமேகம் அண்ணன் உண்மையைச் சொன்னார்.

பெலிக்ஸ் உங்களிடம் கேட்டார். நீங்கள் மணலைப் பற்றிப் பேசினீர்கள். மறுபடி கேட்டார். உலர் அடுப்பைப் பார்க்க எழுந்து போனீர்கள். போன வாரம், சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, கதவை மறித்து நின்று கேட்டார்.

“மேடம், அடுத்த ஞாயித்துக்கெழம போயிடுவீங்க. அவ இன்னா சொன்னா?”

“பேனர்ல போட்டிருக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல தம்பி.”

“தெரியும் மேடம்.”

“ரோசி வந்து, என்னக் கூப்பிட்டாளான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். உன் பேரைச் சொன்னான்னு உன்கிட்டயும் சொல்லத்தான் நினைச்சேன். என்னோட இத்தனை வருஷம் அளவு எடுத்த பையன் நீ. உன்கிட்ட தப்பான அளவைக் குடுக்க முடியல.”

“சரியானதைக் குடுங்க.”

“அது ஒரு கடைசி வார்த்தையா தம்பி? சாவுன்னே அவளுக்குத் தெரியல. கேட்டா உனக்குத் தாங்காது.”

“தாங்காட்டி போவுது மேடம்.”

சொன்னீர்கள். சொல்லிவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டீர்கள். பெலிக்ஸுக்குச் சிரிப்பு வந்தது. பிரின்சி போன பிறகு முதல் தடவை. அது நிற்கவில்லை. சத்தம் கேட்டுச் சின்னப்பன் அண்ணன் ஓடி வந்து, “சார், இன்னா ஆச்சு சார், தண்ணி குடி சார்” என்று தோளைப் பிடித்து உலுக்கினார். எப்போது அது அழுகையாக மாறியது என்று அங்கிருந்த யாருக்கும் தெரியாது.

முன்வரிசையில் இருக்கும் ரோசி அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டோம். சபையில் திடீரென்று கேட்கக் கூடாது என்று நீங்கள்தான் கூட வந்து சொன்னீர்கள். அவர் உங்களை வெறித்துப் பார்த்தார். பிறகு, “அவளேதான். அவ வாயி அது. வேற யாரு சொல்லுவா இத்த?” என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா என்று கூப்பிட்டதாகச் சொன்ன பொய்க்கு அவர் உங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை.

மடலில் எழுதலாமா என்று பெலிக்ஸ் கேட்டதற்கு, “எழுது. படிக்கறப்ப நான் அழுதாலும் நிறுத்தாதே” என்றீர்கள். நிறுத்த மாட்டோம்.

எங்கள் தலைவி அவர்களே! நோயில்லாமல் இருங்கள். கண் தெளிவாக இருக்கட்டும். இரவில் தூக்கம் வரட்டும். வராமல் நீங்கள் இங்கே விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நாங்கள் அறிவோம். தூத்துக்குடியில் பேரன் பேத்திகளோடு பல்லாண்டு இருங்கள். மழைக்காலம் வந்தால் ஒரு முறை வந்து கழிகளைப் பார்த்துவிட்டுப் போங்கள். சரியாக நட்டிருக்கிறோமா என்று திட்டுவதற்கு இங்கே வேறு ஆள் இல்லை.

அன்போடும் நன்றியோடும் இதில் கையெழுத்திடுகிறோம்: சின்னப்பன், நீலமேகம், ஓய்வு பெற்ற மாணிக்கம், பெலிக்ஸ்.

பிரின்சி கையெழுத்திட வேண்டிய இடத்தில், முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் நடுவில், சாய்ந்த படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் பார்த்துச் சிரித்தபடி அவர் சொன்னதை எழுதுகிறோம்:

“மேடம், உங்க செருப்பு ஒண்ணு போவுது பாருங்க! ஒத்தச் செருப்போட எப்டி வூட்டுக்குப் போவீங்க?”